இரண்டாவது பதில்

2005ஆம் ஆண்டு எங்கள் மருத்துவக் கல்லூரியில் சிறந்த ஆசிரியருக்கான கேடயம் டாக்டர் செந்தமிழுக்குக் கிடைத்ததற்கு நான்தான் காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு என் வேலையைப் பார்த்திருந்தால் கொளஞ்சி என்கிற உப்பளத் தொழிலாளி இன்றைக்கு உயிரோடு இருப்பாள். செந்தமிழ் மேடமும் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவர்களால் வருகிற கேடு இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடித்து ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்ப்பவர்கள், அந்த வருடக் கடைசியில் ஆளுக்கொரு சீட்டில் தங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் பெயரை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். கல்லூரி விழாவில் அவருக்குக் கேடயம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் வருடா வருடம் அது அறுவை சிகிச்சைத் துறைத் தலைவருக்குத்தான் போகும். பயிற்சி முடித்ததற்கான சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். பேனாவை எடுத்தால் எல்லோருக்கும் அந்தக் கையெழுத்துதான் கண்முன்னே வந்து நிற்கும். மற்றபடி மனிதர் ஒரு முடிச்சுக்கூட எங்களுக்குப் போடக் கற்றுக்கொடுத்தவரில்லை.

செந்தமிழ் மேடம் வேறு ரகம். மரக்காணத்திலிருந்து அனுமந்தைக்குப் போகிற வழியில் எங்கள் கல்லூரி ஒரு கிராமப் பயிற்சி மையம் நடத்தி வந்தது. ஆறு கட்டில், ஒரு மருந்து அறை, ஒரு போன், சாலம்மாள் என்கிற நர்ஸ், எல்லாவற்றுக்கும் பொறுப்பாக மேடம். ஜன்னலைத் திறந்தால் உப்பளம்தான். ஹவுஸ் சர்ஜன்கள் பத்துப் பேர் பத்துப் பேராக வந்து அங்கே தங்கி வேலை கற்றுக்கொள்வோம். சுனாமி வந்துபோன கையோடு, ஜனவரியில், என் முறை வந்தது.

முதல் நாளே மோதல். அளத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்து, கேஸ் ஷீட்டில் "உடம்பு அசதி" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். மேடம் பின்னால் நின்றிருந்தார்.

"அசதின்னு அந்தம்மா சொன்னாங்க. நீ என்ன சொல்ற?"

"தெரியல மேடம்."

"அப்ப தெரியலன்னு எழுது. அதுல என்ன வெக்கம்? தெரியாதவங்கதான் கேப்பாங்க. தெரிஞ்ச மாதிரி எழுதறவங்க கேக்கறத நிறுத்திடுவாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். பாத்ரூமில் போய் அழுதேன், திண்டிவனத்துக்கே திரும்பிப் போய் அப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரே வாரம். அதற்குள் மேடம் எங்கே போனாலும் நோட்டும் கையுமாகப் பின்னால் ஓடுகிறவளாகிவிட்டேன். ஐந்து வருடத்தில் எனக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுத்ததே இல்லை, புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு நாள் விடியற்காலையில் எங்களை அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உப்பு வாருகிற பெண்களோடு வேலை முடிகிற வரைக்கும் நிற்கச் சொன்னார். பத்து மணிக்கு எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிப் பார்த்தேன். பாத்தி, வரப்பு, மறுபடி பாத்தி. ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை. வரப்புக்கு வரப்பு ஆண்கள். பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். "இதுக்குத்தாம்மா நாங்க தண்ணியே குடிக்கறதில்ல."

திரும்பி வந்ததும் மேடம் சொன்ன பாடம் எனக்கு இன்றைக்கும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"இங்க வர்ற பொம்பளைங்க கிட்ட மொதல்ல கேக்க வேண்டியது, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனன்னு. பக்கத்துல புருஷன், மேஸ்திரின்னு யாராச்சும் நின்னா, போனேன்னுதான் சொல்லுவாங்க. செத்தாலும் போகலன்னு சொல்ல மாட்டாங்க. அந்த பதில் அந்த ஆம்பளைங்களுக்கு. எல்லாரையும் வெளிய அனுப்பு. கதவ சாத்து. பக்கத்துல உக்காரு. திரும்பக் கேளு. ரெண்டாவது பதில்தான் நமக்கு."

அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மேடம் ஒரு மர ஸ்டூலை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேச உட்காருவார். ஸ்டூல் கதவோடு சேர்ந்ததும் அந்தப் பெண்களின் முகம் மாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ரெண்டு நாளாகப் போகவில்லை, எரிகிறது, ரத்தமாகப் போகிறது என்று எல்லாம் வெளியே வரும். அப்படிக் கேட்டே எத்தனை பேருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றினாரோ, கணக்கு இல்லை.

மார்ச் மாதம் சீட்டு எழுதுகிற நாள் வந்தது. நான் மையத்திலிருந்து ஹாஸ்டலுக்குப் போய் அறை அறையாக ஏறி இறங்கினேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். மணிவண்ணன் என்று என் பேட்ச்மேட், சர்ஜரி சீஃபை விரோதம் செய்துகொள்ள முடியாது என்று நழுவப் பார்த்தான்.

"டேய், நெஞ்சத் தொட்டு சொல்லு. உனக்கு யாராச்சும் எதாச்சும் கத்துக் குடுத்திருக்காங்கன்னா அது யாரு?"

"மேடம்தான். அதுக்காக?"

"அதுக்காகத்தான். எழுது."

நூறு சீட்டில் அறுபத்திமூன்றில் செந்தமிழ் என்றிருந்தது. உலகத்தையே திருத்திவிட்ட மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடத்திடம் சொன்னபோது அவர் ஊசி மருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நல்லது. குடுத்தனுப்பச் சொல்லு. காத்துல இந்த ஜன்னல் அடிச்சுக்குது, முட்டுக் குடுக்கலாம்."

"நீங்க நேர்ல வந்து வாங்கணும் மேடம்."

"உப்பு வார்ற சீசன். நான் இங்கருந்து நகர்ற மாதிரி இல்ல வினோ."

விட்டேனா நான்? நாலு நாள் பின்னாலேயே அலைந்தேன். சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்றேன். மூன்று மாதமாக உங்களிடம் கற்றுக்கொண்டது என்னத்துக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மற்ற ஒன்பது பேரும் விழாவுக்குப் போகட்டும், நான் மட்டும் இருக்கிறேன் என்றேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"யாரு வந்தாலும் எதையும் ஏத்தறதுக்கு முன்னால என் செல்லுக்கு ஒரு போன் போடு. செய்வியா?"

"செய்வேன் மேடம்."

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கல்லூரி ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. சாலம்மாளும் நானும் வாசலில் நின்று கையசைத்தோம்.

நாலு மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவன் அளத்து மேஸ்திரி சுப்ராயன். நடுவில் ஒரு பெண் துவண்டு கிடந்தாள், பின்னால் அவளைப் பிடித்தபடி அவள் புருஷன் பச்சமுத்து. அவள்தான் கொளஞ்சி. முப்பத்திநாலு வயசு. கை கால் இழுக்கிறது, தூக்க முடியவில்லை, இரண்டு நாளாக வாந்தி என்றார்கள். கட்டிலில் படுக்கவைத்தோம். இரண்டு ஆண்களும் தலைமாட்டில் நின்றார்கள்.

"ஒண்ணுக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்டேன்.

கொளஞ்சி மேஸ்திரி நின்ற பக்கம் பார்த்துவிட்டு, "போனேன்," என்றாள்.

அடுத்து நான் செய்ய வேண்டியது என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் ஒப்பித்திருப்பேன். ஸ்டூல் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையில் போன் அடித்தது. யார், எதற்கு என்று எனக்குத் தெரியும். மேடம் மேடை ஏறும்போது கூப்பிடு என்று மணிவண்ணனிடம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லியாக வேண்டும். பொட்டாசியம் என்பதும் ஒரு உப்பு. வாந்தியில் அது குறைந்துபோனால் தசைகள் சோர்ந்துபோகும், அப்போது மருந்தாக அதை டிரிப்பில் கலந்து ஏற்றலாம். சிறுநீர் போகாதவர்கள் விஷயம் நேர் எதிர். அவர்கள் உடம்பில் அது வெளியேற வழியில்லாமல் ஏற்கெனவே தேங்கி நிற்கும். மேற்கொண்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும். வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த ஒரு கேள்விதான் பிரித்துக் காட்டும்.

போன் விடாமல் அடித்தது. மேடத்துக்கு முதலில் போன் போடுகிறேன் என்று கொடுத்த வாக்கு அந்தச் சத்தத்தில் எங்கேயோ போய்விட்டது. நான் ஷீட்டில் பொட்டாசியம் என்று எழுதி சாலம்மாளிடம் நீட்டினேன்.

"ஆம்பளைங்கள அனுப்பிட்டு இன்னொரு தடவ கேட்டுக்கலாமாம்மா? மேடம் கேப்பாங்க," என்றார் சாலம்மாள்.

"கேட்டாச்சு சிஸ்டர். போனேன்னு சொன்னாங்க இல்ல? போடுங்க," என்று எரிந்து விழுந்தேன். இருபத்தாறு வருடம் நர்ஸாக இருப்பவரிடம். எனக்குக் கொம்பு முளைத்திருந்தது.

போனை எடுத்தபோது ஒரே இரைச்சல். மணிவண்ணன் புதிதாக வாங்கிய செல்லை மேடைப் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தான். மைக்கில் மேடத்தின் குரல் வந்தது. எனக்குப் பேசவெல்லாம் வராது என்றார். "அங்க வினோதினின்னு ஒரு பொண்ணு தனியாப் பாத்துக்கிட்டு இருக்கா. அவ இருக்கறதாலதான் நான் இங்க நிக்கறேன்." உடனே கைதட்டல். விசில். அத்தனையும் எனக்கு. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கைதட்டல் ஓய்ந்த பிறகும் வைக்கவில்லை. யார் யார் வந்திருந்தார்கள், சீஃப் முகம் எப்படி இருந்தது என்று மணிவண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வினோதினியம்மா," என்று சாலம்மாள் கூப்பிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

கொளஞ்சியின் நாடி அடங்கிக்கொண்டிருந்தது. டிரிப்பைப் பிடுங்கினேன். மார்பை அழுத்தினேன், என் கை மரத்துப்போகும்வரை அழுத்தினேன். ஏற்றிக்கொண்டு ஓட ஜீப் இல்லை, அது விழா மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஐந்தரைக்கு சாலம்மாள் என் தோளைத் தொட்டு, "போதும்மா," என்றார். கொளஞ்சியின் பாதத்தில் காய்ந்த உப்பு அப்படியே வெள்ளையாக இருந்தது, கழுவிக்கொண்டு வரக்கூட நேரமில்லாமல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

மேடத்தின் செல்லுக்குப் போன் போட்டேன். ஜீப் அப்போது திரும்பி வரும் வழியில் பொம்மையார்பாளையம் தாண்டியிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, வர்றேன் என்று மட்டும் சொன்னார்.

அவர் வந்து இறங்கியபோது பச்சமுத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து கும்பிட்டான்.

"முந்தாநாளு சாயங்காலத்துலேர்ந்தே போவல மேடம். எங்கிட்ட சொன்னா. மேஸ்திரி நின்னுக்கினு இருந்தாரு, அவர வெச்சிக்கினு எப்படி சொல்றதுன்னு நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். நாந்தான் மேடம் அவள கொன்னுட்டேன்."

"நீ இல்லப்பா," என்றார் மேடம். அதை அவர் மூன்று தடவை சொன்னார். நான் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. அந்த மனிதன் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். இன்னமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. கல்லூரியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், தலைமை சர்ஜரி சீஃப். கேடயம் பறிபோன எரிச்சல் அவருக்கு ஆறியிருக்கவில்லை. என் பயிற்சி முடிய ஒன்பது நாள் பாக்கி. சான்றிதழ் அவர் கையில். ஒரு உயிரை எடுத்தவள் என்று பதிவானால் அந்தக் காகிதம் வராது, ஐந்து வருடப் படிப்பும் அதற்காக அப்பா விற்ற பூர்வீக நிலமும் அதோடு போச்சு. இதையெல்லாம் இரண்டு இரவு உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போனேன். பயத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

"இந்தப் பொண்ணு உங்க ஸ்டூடண்டுதான? நீங்களே கேளுங்க," என்றார் சீஃப்.

மேடம் என்னைப் பார்த்தார். "வினோ, அவங்கள வெளிய அனுப்பிட்டு ரெண்டாவது தடவ கேட்டியா?"

மூன்று ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சாலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"கேட்டேன் மேடம்," என்றேன். "அப்பவும் போனேன்னுதான் சொன்னாங்க."

மேடம் தலையை ஆட்டினார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, யாரும் சொல்லாமலே எழுதத் தொடங்கினார். மருந்து ஏற்றுவதற்கு முன் கேட்க வேண்டியதை மாணவி, நான் கற்றுக்கொடுத்தபடியே கேட்டிருக்கிறார், அப்படியும் சரியான பதில் கிடைக்கவில்லை, பயிற்சியில் இருக்கிறவரிடம் மையத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது என் தவறு, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீஃப் அதை வாங்கிப் படித்தார்.

"அப்ப உங்க ரெண்டாவது கேள்வியெல்லாம் சும்மாதான்னு ஆயிடுச்சு இல்லம்மா?" என்று சொல்லிச் சிரித்தார். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

எனக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. மேடத்தைப் பாடம் நடத்தும் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், இரண்டு மாதத்தில் வேலையை விட்டே போய்விட்டார். எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. இது 2006. மையத்துக்கு இப்போதும் ஹவுஸ் சர்ஜன்கள் போகிறார்கள். போன மாதம் ஒரு பையனிடம் விசாரித்தேன். சிறுநீர் பற்றிக் கேட்க ஷீட்டிலேயே ஒரு கட்டம் இருக்கிறதாம், டிக் போட்டால் போதுமாம். கதவு, ஸ்டூல் என்றெல்லாம் யாரும் அவனிடம் சொல்லவில்லை. கேடயத்தைப் பற்றிக் கேட்டேன். ஜன்னலுக்கு முட்டாக ஏதோ ஒன்று இருக்கிறது, பித்தளையில் பெயர் போட்டிருக்கும், படிக்க முடியாமல் பச்சை பூத்துவிட்டது என்றான். உப்புக்காற்று எதைத்தான் விட்டது?

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது இதில் எதுவும் இல்லை. விசாரணை முடிந்து மூன்று பேரும் காருக்குப் போன பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது.

அறையில் மேடமும் நானும் மட்டும் இருந்தோம். மேடம் எழுந்து கதவுப் பக்கம் போனார். ஸ்டூல் அங்கேதான் கிடந்தது. அவர் குனிந்து அதைத் தொட்டார். கதவைச் சாத்தப்போகிறார், பக்கத்தில் வந்து உட்காரப்போகிறார், திரும்பக் கேட்கப்போகிறார். கேட்டால் சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேடயமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம், அந்த ஒரு தடவை கேட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உப்பு வாருகிற முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் இரண்டாவது தடவை கேட்டவர், ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதவை அகலத் திறந்தார்.

"மூணு மணி பஸ்ஸு போயிடும்," என்றார். "கெளம்புங்க டாக்டர்."

அதுநாள்வரை அவர் என்னை வினோ என்றுதான் கூப்பிட்டிருந்தார்.